நாரத்தை வாரியத்தின் வளர்ப்புத் தந்தை

சாவிக்காரர் வீட்டு ஆரஞ்சு மரத்தின் அடியில் பிசின் வடிய ஆரம்பித்தபோது அவர் அதைத் துணியால் துடைத்துவிட்டார். பூட்டு ரிப்பேர் செய்து பிழைப்பவர். எது கசிந்தாலும் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் வழிக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர். மரத்துக்கும் இரண்டு சொட்டு விட்டார். மரம் வழிக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் அடிப்பட்டை வெடித்து உரிந்தது. மேலே இலைகள் மஞ்சளாகின.

அவர் மனைவி அந்த மரத்தைத் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தாள். கல்யாணமாகி வரும்போது அங்கிருந்த மரத்தின் கிளையில் பதியன் போட்டு, வேர் விட்டதும் வெட்டி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு அம்மா வீட்டை இடித்து அதன் மேல் சாலை போட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் தம்பிகள் திசைக்கு ஒருவராகப் போனார்கள்.

"அந்த வீட்டுல இருந்து உசுரோட மிச்சம் இருக்கிறது நானும் இந்த மரமும்தான்" என்றாள் அவள். "இதுவும் போச்சுன்னா நான் எங்க இருந்து வந்தேன்னு சொல்லிக்க ஒண்ணுமே கிடையாது. ஏதாவது பண்ணுங்க."

ஏதாவது பண்ணுவதற்காகச் சாவிக்காரர் உரக்கடைக்குப் போனார்.

உரக்கடைக்காரர் நோயின் அறிகுறிகளைப் பொறுமையாகக் கேட்டார். ஒரு பெரிய மருந்து டப்பாவை எடுத்துப் பையில் போட்டு, காசை வாங்கிக் கல்லாவில் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னார்.

"இது அடியழுகல். மருந்துக்கு கேக்காது."

"அப்ப இந்த டப்பா எதுக்கு?"

"அது உங்க மனசுக்கு. இங்க பாருங்க, ஆரஞ்சோட சொந்த வேர் நோஞ்சான். ஈரம் தாங்காது. நாரத்தை வேர் முரடு, எதையும் தாங்கும். அதனால நாரத்தை விதை போட்டு கன்னு வளர்க்கணும். தண்டு பென்சில் பருமன் வந்ததும் பட்டையைக் கீறி, உங்க மரத்து மொட்டு ஒண்ணை உள்ள சொருகிக் கட்டணும். மொட்டு பிடிச்சதும் நாரத்தையோட தலையை வெட்டிடணும். அப்புறம் கீழ நாரத்தை, மேல உங்க மாமியார் வீட்டு ஆரஞ்சு. அதே பழம், அதே ருசி."

"இவ்வளவுதானா? விதை இருக்கா?"

உரக்கடைக்காரர் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "சத்தமாப் பேசாதீங்க. இப்படி ஒட்டு கட்ட வளர்க்கிற வேர்க்கன்னை வீட்டுல வளர்க்கிறது குத்தம். நாரத்தை வாரியம்தான் வளர்க்கணும். போன வருஷம் ஒருத்தர் பழம் தின்னுட்டு விதையைத் தொட்டியில துப்பினாருன்னு அவர் வீட்டையே சோதனை போட்டாங்க."

சாவிக்காரர் சட்டத்துக்குப் பயந்தவர். ஊரில் எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த மனுஷன் அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரில் யாரும் தூங்க முடியாது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு விதை போட ஒரு வாரியமா?" என்று மனைவி சிரித்தாள். "கடைத்தெருவுல நாரத்தம் பழம் விக்குது. வாங்கிட்டு வாங்க, நான் போடறேன். எவன் வந்து புடிக்கிறான்னு பாக்கறேன்."

"உஷ்! பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது. நான் முறையாப் போய் கேட்டு வாங்கிட்டு வரேன். ஒரே ஒரு கன்னுதானே, குடுக்க மாட்டாங்களா?"

நாரத்தை வேர்க்கன்று வாரியத்தின் வளாகம் ஒரு சிறிய காடு. கதவைத் தாண்டியதுமே முள்ளும் நிழலுமாக நாரத்தை மரங்கள். அடியில் பழங்கள் கொட்டிக் கிடந்து அழுகின. ஆட்கள் அவற்றைக் கூடையில் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பிழிந்து, விதையை எடுத்து, கழுவி நிழலில் உலர்த்தி, பாத்தியில் விதைத்தார்கள். விதை முளைத்துக் கன்றாகும். கன்றை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால் அது வளர்ந்து மரமாகும். மரம் பழுத்துக் கொட்டும். ஆட்கள் கூடையை எடுத்துக்கொண்டு வருவார்கள். எவ்வளவு ஒழுங்காக வேலை நடக்கிறது என்று சாவிக்காரர் வியந்தார்.

வாரியத் தலைவரின் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேல் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுச் சுளைகள். தலைவர் ஒவ்வொரு சுளையாக நார் உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"கன்னு எதுக்கு?"

"ஒட்டு கட்டறதுக்குங்க."

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்தில் நின்றிருந்த தூய்மை அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாவிக்காரரை ஒருமுறை பார்த்தார்.

"அதாவது, எங்க கன்னோட பட்டையைக் கீறுவீங்க" என்றார் அதிகாரியம்மா.

"ஆமாங்க, கொஞ்சமா."

"அப்புறம் அதோட தலையை வெட்டுவீங்க."

"அப்படித்தான் செய்யணும்னு சொன்னாங்க."

"தைரியமா எங்ககிட்டயே வந்து சொல்றீங்க."

சாவிக்காரர் வியர்த்துப் போனார். ஒட்டுக் கட்டுவதற்காகத்தானே வேர்க்கன்று என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார்.

தலைவர் பொறுமையானவர். கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "தம்பி, நீங்க நினைக்கிறது தப்பில்ல. முன்னாடி எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. இந்த வாரியத்தை ஆரம்பிச்சவரே அப்படித்தான் நினைச்சாரு, பாவம். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒட்டு கட்டினா அது ஆரஞ்சு ஆயிடும். ஆரஞ்சு வேற துறை. நம்ம கணக்குல ஒரு கன்னு குறையும். வருஷக் கடைசியில மேலிடத்துக்கு நான் என்ன காட்டறது? நான் இந்த நாற்காலிக்கு வந்ததுல இருந்து ஒரு கன்னு மேலயும் கத்தி பட்டதில்ல. பழம் யாரு வேணா குடுப்பான். கடைக்குப் போனா நானே வாங்கிக்கறேன். வேர்? வேர் எங்ககிட்டதான் இருக்கு."

"அப்ப வேரை வச்சு என்னங்க பண்றது?"

"பாதுகாக்கிறது" என்றார் தலைவர், அடுத்த சுளையை எடுத்துக்கொண்டே.

சாவிக்காரர் போகாமல் நின்றார். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாததால்தான் நின்றார், அதைத் தலைவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். மனம் இளகி, புதிதாக ஒரு திட்டம் வந்திருப்பதாகச் சொன்னார். பொதுமக்களில் நல்லவர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு விதை ஒப்படைப்பார்கள். அவர் வாரத்துக்கு ஒருமுறை வாரியத்துக்கே வந்து அதைக் கன்றாக வளர்க்க வேண்டும். அவருக்குப் பெயர் வளர்ப்புத் தந்தை. கன்று பென்சில் பருமன் வந்ததும், தந்தையின் நடத்தையைப் பார்த்து, ஒட்டுக் கட்டும் கோரிக்கையை வாரியம் பரிவோடு பரிசீலிக்கும்.

"பரிசீலிப்பாங்களாம்" என்று வீட்டில் வந்து சொன்னார்.  மனைவி கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

விதைப்பு விழாவுக்குச் சாவிக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வளர்ப்புத் தந்தைகள் என்று அவரைத் தவிர இரண்டே பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தான் போக வேண்டியது வேறு அலுவலகம் என்று பாதியில் தெரிந்து எழுந்து போய்விட்டார். விதைகளைக் கழுவிய ஆள் அவற்றை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்து வந்தான். தூய்மை அதிகாரியம்மா ஒவ்வொரு விதையையும் பார்த்து, "வேராக வாழ்வாயாக" என்றார். விதை எதுவும் சொல்லவில்லை. அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. போன வருஷம் முளைக்காமல் போன விதைகளுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள்.

சாவிக்காரரின் விதை முளைத்தபோது புதுச் சிக்கல் வந்தது. ஒரே விதையிலிருந்து மூன்று முளைகள் எட்டிப் பார்த்தன. நாரத்தைக்கு இது வழக்கம்தான், ஆனால் வாரியத்துக்கு ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி. ஒரு விதைக்கு ஒரு கன்றுதான் அனுமதி. தூய்மை அதிகாரியம்மா குனிந்து மூன்றையும் விசாரித்தார்.

"இதுல யாரு முறைப்படி வந்தது?"

சாவிக்காரர் மூன்றையும் பார்த்தார். "எல்லாம் ஒண்ணாத்தான் வந்துதுங்க."

"அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருத்தர்தான் வாரிசு."

உயரமாக இருந்ததை வாரிசாக்கினார்கள், விருந்தாளி யாராவது வந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. மற்ற இரண்டையும் அதிகாரியம்மா வேரோடு பிடுங்கினார். மெல்லிய வெள்ளை வேர்கள் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தன. சாவிக்காரருக்கு மனசு பொறுக்கவில்லை.

"எப்படியும் தூக்கிப் போடத்தான் போறீங்க. அதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"உங்களுக்கா? கத்தி வச்சிருக்கிறவர் கையில அநாதைங்களைக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றார் அதிகாரியம்மா. பிறகு இரண்டையும் குப்பைக் குழியில் போட்டு, காலால் மண் தள்ளினார்.

அன்றிலிருந்து சாவிக்காரருக்கு வாரா வாரம் வேலை. நாரத்தைக் கன்று தன் போக்கில் விட்டால் தண்டில் அங்கங்கே பக்கத் துளிர் விடும். அதைச் சின்னதாக இருக்கும்போதே கட்டைவிரல் நகத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் தண்டு ஒரே நேர்கோடாக, வழவழப்பாக வரும். வாரியத்தின் பெருமையே அந்த வழவழப்புதான். சாவிக்காரருக்கு நுணுக்கமான விரல்கள். பூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசியைத் தடவிப் பார்த்துத் தள்ளிப் பழகியவை. துளிர் வெளியே தெரிவதற்கு முன்பே பட்டைக்கடியில் அதன் புடைப்பை அவர் விரல் கண்டுபிடித்துவிடும். ஒரு தேய்ப்பு, காயம்கூடத் தெரியாது.

"கை வச்ச இடம் தெரியல பாருங்க" என்று அதிகாரியம்மா முதல்முறையாகப் பாராட்டினார். "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?"

சாவிக்காரர் வெட்கப்பட்டார். கடையில் வருஷக்கணக்காகப் பூட்டுத் திறந்தும் ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லை. பூட்டைத் திறந்து கொடுத்தால் ஜனங்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். தன் கன்று முடிந்ததும் பக்கத்துக் கன்றையும் தேய்த்துக் கொடுத்தார். பிறகு அந்தப் பாத்தி முழுவதையும்.

வீட்டில் மரம் கிளை கிளையாகக் காய்ந்தது. கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையாக நின்றது. மனைவி தினமும் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க புள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"நல்லா இருக்கான். தண்டு அப்படியே கண்ணாடி மாதிரி."

"கட்டற பருமன் வந்துதா? சாறு ஓடற பருவம் இதுதானே. இப்ப விட்டா பட்டை கழண்டு குடுக்காது."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"உரக்கடைக்காரன் உங்ககிட்ட மட்டும்தான் பேசுவானா?"

மறு வாரம் அவர் அந்தப் பச்சைக் கிளையிலிருந்து மொட்டுள்ள ஒரு குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனார். கதவிலேயே தூய்மை அதிகாரியம்மா அதை வாங்கிக்கொண்டார். வெளி ஆரஞ்சு உள்ளே வரக் கூடாது. நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடி, அலமாரி மேல் வைத்தார்கள். குச்சி சுருங்கிப் பழுப்பாகி, கடைசியில் விறகானது. பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது.

"உங்க குச்சிக்கு எந்த நோயும் இல்ல" என்றார் அதிகாரியம்மா. "செத்ததுல ஒரு நோயும் இருக்காது. நீங்க கவலைப்படவே வேணாம்."

பென்சில் விவகாரம் அதற்குப் பிறகு வந்தது. சாவிக்காரரின் கன்று பார்வைக்கே பென்சில் பருமன் தாண்டியிருந்தது. ஆனால் எந்தப் பென்சில் என்று அதிகாரியம்மா கேட்டார். ஆளாளுக்கு ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு அளந்தால் நாடு என்ன ஆவது? வாரியத்தில் ஒரு நிலையான பென்சில் உண்டு. நிறுவனர் தேர்ந்தெடுத்தது. அது இரும்புப் பெட்டிக்குள் பூட்டி இருக்கிறது. பெட்டியின் சாவி தொலைந்து போய்விட்டது. சாவியைத் தேட அமைத்த குழு இன்னும் கூடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த மூத்தவர்கள் இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள், அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வந்து முதலிலிருந்து தேடத் தொடங்கியிருந்தார்கள்.

"நான் வேணா திறந்து பாக்கட்டுங்களா?" என்றார் சாவிக்காரர்.

அறையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். குழு இருக்கும்போது பெட்டியைத் திறப்பது மரியாதையா? ஆனால் தலைவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். சாவிக்காரர் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வளைத்து உள்ளே விட்டார். டீ வருவதற்குள் பெட்டி திறந்துவிட்டது. குழுவின் செயலாளர் கண் கலங்கி வெளியே போனார்.

உள்ளே பட்டுத்துணியில் பென்சில் இருந்தது. எப்போதோ யாரோ ஒரு எழுத்தர் அவசரத்துக்கு எடுத்து எழுதியிருக்க வேண்டும், முனை வரை கூராகச் சீவி, சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்திருந்தது. அதிகாரியம்மா அதைப் பயபக்தியோடு எடுத்து, கன்றின் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுதும் முனையை வைத்து அளந்தார்.

"ஐயோ" என்றார்.

"என்னங்க?"

"தண்டு பென்சிலை விடப் பல மடங்கு பருத்துப் போச்சு. இது கன்னு இல்ல, கிழம். ஒட்டு கட்டற வயசு எப்பவோ தாண்டிடுச்சு."

"அம்மா, அது சீவின பக்கம். திருப்பி வச்சுப் பாருங்க."

"நிறுவனர் எப்படி வச்சிருந்தாரோ அப்படித்தான் வைக்கணும். கூர் இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. நீங்களும்தானே பாத்தீங்க?"

அவரும் பார்த்திருந்தார். 

தலைவர் அவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார். பாத்திகள் வரிசை வரிசையாக நின்றன. "வருத்தப்படாதீங்க. ஒரு கன்னு போனா என்ன, இங்க இருக்கிற அத்தனையும் உங்க பிள்ளைங்கதான். இனிமே நீங்க ஒரு கன்னுக்குத் தந்தை இல்ல, மொத்தப் பண்ணைக்கும். தலைமை வளர்ப்புத் தந்தை. பேட்ஜ் குடுக்கறோம். துளிர் எடுக்கிற ஆளுங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லித் தரணும்." சாவிக்காரர் தன் கன்றைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். அதன் நிழல் ஏற்கெனவே பக்கத்துப் பாத்தி மேல் விழ ஆரம்பித்திருந்தது.

அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை என்பதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் அவருக்கு அதுவரை பேட்ஜ் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுப் பண்ணைக்குப் போனார். பிறகு முழு நாள். வீட்டில் சாப்பிடும்போது கூட மேசைக் காலைத் தடவி, எங்கேயாவது புடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் போயிட்டு இருக்குங்க" என்றாள் மனைவி.

"நம்ம பண்ணையில இந்த வருஷம் ஒரு தண்டுல கூட முடிச்சு கிடையாது" என்றார் அவர். "தலைவரே சொன்னாரு."

"நான் மரத்தைப் பத்திப் பேசறேன்."

"நானும் அதைத்தானே பேசறேன்?"

 அவள் எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். கிழக்குக் கிளையும் காய்ந்தது. ஒரு நாள் அவர் வீடு திரும்பியபோது மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது, வெட்டிய விறகு சுவரோரம் அடுக்கியிருந்தது. அடிக்கட்டையின் நடுவில் கறுப்பாக அழுகல் தெரிந்தது. அவர் குனிந்து அதை ஒருமுறை விரலால் தடவினார். ஆனால் மறுநாள் ஆண்டு விழா, சட்டையை இஸ்திரி போட வேண்டியிருந்தது.

விழாவில் தலைவர் நெடுநேரம் பேசினார். "இந்த வருஷம் நம்ம வாரியம் வளர்த்த கன்னு போன வருஷத்தை விட அதிகம். குடுத்த கன்னு, வழக்கம் போல, ஒண்ணும் இல்ல" என்றார். கைதட்டல் எழுந்தது. "சில பேர் கேக்கிறாங்க, இந்த வேர் மேல ஏதாவது வரணுமேன்னு. நான் கேக்கிறேன், ஏன் வரணும்? ஒரு மொட்டை உள்ள விட்டா அது என்ன பண்ணும்? வளரும். வளர்ந்தா? எங்க தலையை வெட்டச் சொல்லும். இந்த வாரியத்துல யாரும் யாரோட தலைக்கும் ஆபத்து வர விடமாட்டோம்." அடுத்த கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது, அதிகாரிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிறந்த வளர்ப்புத் தந்தைக்கான பதக்கத்தைச் சாவிக்காரர் கழுத்தில் மாட்டினார்கள். மாட்டும்போது அவர் கட்டைவிரலைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டச் சொன்னார் தலைவர். அவர் தூக்கிக் காட்டினார். நகத்தோரம் பச்சைக் கறை படிந்திருந்தது. அதைப் பார்த்து முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் வெகுநாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. பதக்கத்தைப் பார்த்துத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் பதக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"செருப்பைக் கூடக் கழட்ட வேணாம். மாடிக்கு வாங்க."

"முட்டி வலிக்குதே."

"மெதுவா வாங்க. நான் புடிச்சுக்கறேன்."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில், பழைய எண்ணெய் டின் ஒன்று இருந்தது. டின்னில் ஒரு நாரத்தைக் கன்று. தண்டு பருத்து, இலைகள் கரும்பச்சையாக, நன்றாக நின்றிருந்தது. தண்டின் அடியில் ஒரு சாண் உயரத்தில், வெட்டிய பிளாஸ்டிக் பை நாடாவால் சுற்றிய கட்டு. கட்டுக்கு நடுவிலிருந்து, அரிசி அளவுக்கு, இளம்பச்சையாக ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது.

"நீங்க முதல் நாள் வாரியத்துக்குப் போயிட்டு வந்தீங்கல்ல, அன்னைக்கே பழம் வாங்கி விதை போட்டுட்டேன்" என்றாள். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. "சொன்னா உங்களுக்குத் தூக்கம் போயிடும்னு சொல்லல. கிழக்குக் கிளை காயறதுக்கு முன்னாடி மூணு மொட்டு எடுத்தேன். உங்க பிளேடை வச்சுத்தான் கீறினேன். ரெண்டு கருகிப் போச்சு. நான் உக்காந்து அழுதேன், உங்களுக்குத் தெரியாது. மூணாவது பிடிச்சிருச்சு. பாருங்க, பச்சையா இருக்கு. எங்கம்மா வீட்டு மொட்டுங்க அது. வேற எங்கயும் கிடையாது இப்ப, இதுல மட்டும்தான் இருக்கு."

சாவிக்காரர் குனிந்து பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இவளுக்கு இவ்வளவு நேர்த்தியாகக் கட்ட வருமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"இனி நாரத்தையோட தலையை வெட்டணும். அப்பத்தான் மொட்டு கிளம்பும்" என்றாள் அவள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்து நீட்டினாள். " இத்தனை நாள் காப்பாத்திட்டு கடைசியில கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு. உங்க கைக்குத்தான் அந்த நேக்கு இருக்கு. நீங்க வெட்டுங்க."

அவர் டின்னுக்கு முன்னால் முழங்காலிட்டார். கத்தியைத் தரையில் வைத்தார். இடது கையால் தண்டைப் பிடித்தார், பிடித்த விதத்திலேயே அனுபவம் தெரிந்தது. நாடாவை அவிழ்த்தார். வலது கைக் கட்டைவிரல் தண்டின் மேல் அடியிலிருந்து ஏறி வந்தது. வழவழப்பு, வழவழப்பு, அப்புறம் ஒரு புடைப்பு. விரல் நின்றது. ஒரு தேய்ப்பு.

காயம்கூடத் தெரியவில்லை. அரிசி அளவுப் பச்சை நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் சட்டையில் துடைத்துக்கொண்டார். விரல் முதலில் செய்துவிட்டது, காரணங்கள் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டன: வீட்டில் வளர்ப்பது குற்றம், யாராவது பார்த்தால் இவளைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள், பதக்கம் வாங்கியவன் வீட்டிலேயே இப்படி என்றால் ஊர் என்ன சொல்லும். எல்லாம் நல்ல காரணங்கள். அவள் மேல் உள்ள அக்கறையில் வந்தவை.

மனைவி அசையாமல் நின்றாள்.  அவள் முகம் வெளுத்துப் போவதைப் பார்த்துச் சாவிக்காரர் பதறினார். தண்டை மேலும் கீழும் இன்னொரு முறை கவனமாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஆறுதலாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாத" என்றார். "வேர்க்கன்னுக்கு ஒண்ணும் ஆகல."